கைவண்ணத்தில் ஒளிரும் கிறிஸ்துமஸ் இல்லம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பெட்டாலிங் ஜெயா நகரம் புதுக்கோலம் பூண்டு விளங்குகின்றது. பண்டார் உத்தாமா வட்டாரத்தில் உள்ள ஒன் உத்தாமா போன்ற பேரங்காடிகளில் வண்ண விளக்குகள் சூடிய உயர்ந்த மரங்களும், பொன்னிறத் தோரணங்களும், பளபளக்கும் கண்ணாடி உருண்டைகளும் காண்போர் கண்களைக் கவர்கின்றன. விடுமுறை நாளில் தோட்டத்திலிருந்து பட்டணம் சென்று திரும்பும் பிள்ளைகள், "நம் வீட்டையும் அவ்வாறு அலங்கரிக்க முடியாதா?" என்று பெற்றோரைக் கேட்பது இயல்பே. கிறித்துவக் குடும்பங்களில் இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது.

முடியும் என்பதே நமது விடையாகும். ஆயினும், ஆண்டின் இறுதி மாதங்கள் மழை மிகுந்தவை. மழையன்று பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் வருவாயும் குறையும். செலவு மிகும் பெருநாளும் வருவாய் குறையும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆகவே, கடன் படாமலும், தீ விபத்துக்கு இடம் கொடாமலும், இல்லத்தைக் கண்கவர் வண்ணத்தில் அலங்கரிக்கும் வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டமாய் இருந்த நகரம்

இன்று மின்னொளியில் மிதக்கும் பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது என்பதை நம்மில் சிலரே அறிவர். கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்ததால், 1950களின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1,200 ஏக்கர் பரப்புள்ள எஃபிங்ஹாம் தோட்டத்தில் இப்புதுநகரம் அமைக்கப்பட்டது. பால்மரங்கள் நின்ற இடத்தில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அது மாநகர்த் தகுதியைப் பெற்றது. எஃபிங்ஹாம் என்னும் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி பண்டார் உத்தாமாவில் இன்றும் நடைபெற்று வருகின்றது.

இந்நகரிலும் இதன் சுற்றுப்புறத்திலும் தமிழ்க் கிறித்துவர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள லுத்தரன் சபையாரின் சீயோன் தேவாலயமும், கிள்ளானில் 1928இல் எழுந்த லூர்து மாதா தேவாலயமும் இதற்குச் சான்று பகரும். அவர்தம் இல்லங்கள் பலவற்றில் வாசலில் நட்சத்திரமும், கூடத்தில் குடிலும், முற்றத்தில் கோலமும் ஒருங்கே காட்சி தருவதைக் காணலாம்.

பெட்டாலிங் ஜெயா பழைய நகரில் நாம் அறிந்த ஒரு குடும்பம் உண்டு. அவ்வீட்டுப் பெரியவர் இளமையில் பால்மரம் வெட்டியவர். அவர் ஆண்டுதோறும் மூங்கிலால் நட்சத்திரம் செய்து வாசலில் தொங்கவிடுவார். ஓராண்டு அவருடைய மகன், அண்டை அயலாருக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்று எண்ணி, விலையுயர்ந்த மரமும் விளக்குகளும் தவணை முறையில் வாங்கினார். விளக்குகள் பிப்ரவரி மாதத்திற்குள் பழுதாயின. தவணையோ ஆகஸ்டு மாதம்வரை தொடர்ந்தது. அடுத்த ஆண்டு பெரியவர் மறுபடியும் மூங்கிலைப் பிளக்கத் தொடங்கியபோது, பேரப்பிள்ளைகளுடன் மகனும் வந்து அமர்ந்தார். இன்றளவும் அவ்வீட்டு வாசலில் ஒளிர்வது அந்த மூங்கில் நட்சத்திரமே.

எளியோர் கையில் பிறந்த எழில்

கடைகளில் மின்னும் பொருள்கள் பலவும் செல்வர் மாளிகையில் தோன்றியவை அல்ல. இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், 1223ஆம் ஆண்டு, அசிசி நகர் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு மாட்டுத் தொழுவக் காட்சியை அமைத்தார். இயேசு பிறந்த எளிமையை மக்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாம் இன்று அமைக்கும் குடில் வழக்கம் பரவுவதற்கு இது பெருந்துணையாயிற்று.

ஜெர்மனி நாட்டில் லவுஷா என்பது கண்ணாடி ஊதும் தொழிலாளர் வாழும் ஊராகும். மரத்தில் தொங்கவிட ஆப்பிள் பழமும் கொட்டைகளும் வாங்க வசதியற்ற தொழிலாளி ஒருவர், அவற்றின் வடிவில் கண்ணாடி உருண்டைகளை ஊதித் தொங்கவிட்டார் என்பது அவ்வூர்ச் சொல்வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரின் கண்ணாடி அணிகள் உலகெங்கும் விற்பனையாயின. அதே நாட்டின் நீஸ்கி என்னும் ஊரில், மொராவியச் சபையாரின் பள்ளியில், 1830களில் வடிவ கணிதப் பாடமாக மாணவர்கள் பல முனைகள் கொண்ட காகித நட்சத்திரத்தைச் செய்தனர். அந்தப் பாடமே நாளடைவில் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் அலங்காரமாக வளர்ந்தது.

எளியோர் தம் கையால் உருவாக்கியதை நாம் ஏன் கடன்பட்டு வாங்க வேண்டும்? நாமும் கையால் செய்வோம்.

நட்சத்திரம் செய்யும் முறை

ஒரே நீளமுள்ள 10 மூங்கில் சிம்புகளைச் சீவிக்கொள்க. ஒவ்வொன்றும் 60 செ.மீ. இருக்கட்டும். ஒவ்வொரு சிம்பிலும் இரு முனைகளிலிருந்தும் 23 செ.மீ. தொலைவில் குறியிடுக. ஐந்து சிம்புகளை ஐந்துமுனை நட்சத்திரமாக அடுக்கி, முனைகளையும், குறிகள் சந்திக்கும் இடங்களையும் நூலால் இறுகக் கட்டுக. இவ்வாறே இரண்டாம் நட்சத்திரத்தையும் செய்க.

பின்னர், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுக. உள்ளே குறிகள் சந்திக்கும் ஐந்து இடங்களிலும் 12 செ.மீ. நீளமுள்ள குச்சிகளை நிறுத்திக் கட்டினால், நட்சத்திரம் இருபுறமும் உப்பி நிற்கும். மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசைகொண்டு வண்ணத்தாளை ஒட்டுக. மழைச்சாரல் படும் இடமாயின் கண்ணாடித்தாள் ஏற்றது. பின்புறம் ஒரு கை நுழையும் அளவு திறப்பு விடுதல் வேண்டும். விளக்கை அதன் வழியே உள்ளே தொங்கவிடலாம்.

இப்பணியில் பிள்ளைகளை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையும் 36 பாகைக் கோணம் உடையது. ஐந்து முனைகளையும் கூட்டினால் 180 பாகை. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து தரும் அளவும் அதுவே. கரும்பலகையில் கசக்கும் கணக்கு, கையில் நட்சத்திரமாக வரும்போது இனிக்கும்.

குடிலும் மரமும்

குடிலுக்கு அட்டைப் பெட்டியும் காய்ந்த லாலாங் புல்லும் போதும். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக, அகலத் தட்டில் ஈரமண் பரப்பிப் பச்சைப்பயறு விதைத்தால், குடிலைச் சுற்றிப் பசும்புல் வெளிபோல் முளை எழும். குழந்தை இயேசுவின் உருவத்தை மட்டும் 24ஆம் நாள் இரவில் வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். அதுவரை வெறுமையாய் இருக்கும் தொட்டில் பிள்ளைகளின் ஆவலை வளர்க்கும்.

மரத்திற்குச் சவுக்குக் கிளை ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் நடலாம். தோட்டத்திலே கிடைக்கும் ரப்பர் விதைகளைக் கழுவி உலர்த்தி, பொன்வண்ணம் பூசி, நூலில் கோத்தால் அழகிய மாலையாகும். அவை பச்சையாக உண்ணத்தகாதவை. சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்டுக. ரப்பர் இலைகளைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் சதைப்பகுதியை நீக்கினால், வலைபோன்ற நரம்பு மட்டும் எஞ்சும். அதற்குச் சாயம் தோய்த்து மரத்தில் சூட்டினால், விலையுயர்ந்த சரிகை வேலைப்பாட்டிற்கு அது இணையாகும்.

வண்ணங்களை அளவோடு தேர்ந்தெடுத்தல் நலம். சிவப்பு, பச்சை என இரு வண்ணங்களும், மினுக்கத்திற்குப் பொன்னிறமும் போதுமானவை. எல்லா வண்ணங்களும் ஒரே கூடத்தில் குவிந்தால் எதுவும் எடுப்பாய் இராது. பழைய சேலையின் சரிகைக் கரையை மேசையின் நடுவே விரித்தால் போதும். ஜிகினாத்தாள் வாங்கும் செலவும் மிச்சமாகும்.

நமது பாலில் பிறந்த பலூன்

கூடத்தில் தொங்கும் பலூனைப் பார்க்கும்போது நாம் பெருமை கொள்ளலாம். ரப்பர் பலூனை முதன்முதல் செய்தவர் மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கில அறிவியலறிஞர். 1824ஆம் ஆண்டில், தம் ஆய்வுக்கு வாயுவை அடைத்து வைப்பதற்காக அதைச் செய்தார்.

மங்கில் வடியும் பாலுக்கு அம்மோனியா சேர்த்து உறையாமல் காப்பர். பின், சுழற்றும் பொறியில் இட்டு, ஏறத்தாழ 60 விழுக்காடு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாக்குவர். அதனுடன் கந்தகமும் வண்ணமும் கலந்து, பலூன் வடிவ அச்சுகளை அதில் தோய்த்தெடுப்பர். விளிம்பைச் சுருட்டி, நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்தினால் பலூன் தயார். அதிகாலையில் மரத்தடியில் நின்ற ஒருவருடைய உழைப்பே கூடத்தில் வண்ணமாய் மிதக்கின்றது.

பலூன் வெயிலில் விரைவில் பொலிவிழந்து வெடித்துவிடும், நிழலில் கட்டுக. ஊதாத பலூனும் வெடித்த துண்டுகளும் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கக்கூடும். அவற்றை உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும்.

விளக்கு வேண்டும், விழிப்பும் வேண்டும்

முற்காலத்தில் மரத்தின்மீது மெழுகுவர்த்திகளை ஏற்றினர். அதனால் தீ விபத்துகளும் நேர்ந்தன. 1882ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், எடிசனின் நண்பரும் தொழில் துணைவருமான எட்வர்ட் ஜான்சன், சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய வண்ணங்களில் 80 மின்குமிழ்களை மரத்தில் ஒளிரச் செய்தார். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தைக் குறைவாகவே கொள்கின்றன, வெப்பமும் குறைவு. காகித நட்சத்திரத்தினுள் வைக்க இவையே தகுந்தவை. மெழுகுவர்த்தியையோ, சூடேறும் பழைய குமிழையோ ஒருபோதும் வைத்தலாகாது.

மேலும் சில விதிகளைக் கடைப்பிடிப்போம். சுவரில் உள்ள ஒரே பிளக் பாயிண்டில் பல கம்பிகளைச் செருகாதீர். நீட்டிப்புக் கம்பியில் சிரிம் முத்திரை உண்டா எனப் பார்த்து வாங்குவீர். வீட்டினுள் பயன்படுத்தும் விளக்குச் சரத்தை மழை படும் வாசலில் கட்டாதீர். மின்பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையேல், தகுதி பெற்ற மின்பணியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்வீர். உறங்கப் போகுமுன்னும், ஆலயம் செல்லுமுன்னும் விளக்குகளை அணைப்பீர். அடுத்தடுத்து அமைந்த லயத்து வீடுகளில் ஒரு வீட்டில் பற்றும் தீ அந்த வரிசை முழுவதையும் அழிக்கவல்லது என்பதை மறத்தல் கூடாது. தீ நேர்ந்தால் முதலில் அனைவரும் வெளியேறி, பின்னர் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

அலங்காரத்திற்கு எத்தனை வெள்ளி என்பதைக் கடைக்குச் செல்லும் முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் மழைநாளுக்கான சேமிப்பையும் ஒதுக்கிய பின் எஞ்சுவதே அலங்காரத்திற்குரியது. தவணைக்குப் பொருள் வாங்குவதையும், நகையை அடகு வைப்பதையும் இதற்காகச் செய்தல் வேண்டா. ஆண்டிற்கு ஒரு விளக்குச் சரம் வாங்கி, பெருநாளுக்குப் பின் அட்டையில் சுற்றிப் பாதுகாத்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் இல்லம் நிறையும்.

திறந்த வாசலே சிறந்த அலங்காரம்

நட்சத்திரம் ஏன் வாசலில் தொங்குகின்றது? வழிதேடி வந்தோருக்கு வழி காட்டியது பெத்லகேமின் நட்சத்திரம் என்பது கிறித்துவர் நம்பிக்கை. வருவோர்க்கு வழிகாட்டுவதே அதன் வேலை. தீபாவளியன்று இந்து அன்பர் வீட்டிற்கும், நோன்புப் பெருநாளன்று மலாய் நண்பர் வீட்டிற்கும், சீனப் புத்தாண்டன்று சீன நண்பர் வீட்டிற்கும் சென்று உண்டு மகிழும் மலேசியர் நாம். கிறிஸ்துமஸ் நாளில் அந்த நட்சத்திரத்தின் கீழே கதவு திறந்திருக்கட்டும்.

பேரங்காடியின் மரத்தை விடுமுறை முடிந்ததும் கழற்றிவிடுவர். அப்பாவுடன் அமர்ந்து கட்டிய நட்சத்திரத்தையோ பிள்ளைகள் தம் முதுமையிலும் நினைவுகூர்வர். அந்த நினைவில் கடனின் நிழல் படியாதிருக்கட்டும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் அன்பர்கள் அனைவருக்கும் நமது நல்வாழ்த்துகள் உரித்தாகுக.