கழுத்தளவு தூரம்

வென்றால் குதிரைக்கு மாலை; தோற்றால் ஜாக்கிக்கு ஓலை! பந்தயத் திடலின் நியதி இதுதான். பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு அது, அங்கே நியாயம் தேடுவானேன் என்று ஒதுக்குவோர் உண்டு. ஒதுக்குவதற்கில்லை. சேணத்தின்மேல் இருப்பவர் சீமான் அல்லர். உழைத்துக் கூலி பெறும் தொழிலாளி!

டேவிட் ஈகன் என்ற இளைஞரைப் பாருங்கள். அயர்லாந்து நாட்டவர். தந்தையும் ஜாக்கி. 2017இல் பிரிட்டனின் பயிற்சி ஜாக்கிகளில் முதல்வர் எனப் பெயரெடுத்தார். பின்னர், சவூதி அரேபிய இளவரசர் பைசலின் குதிரைகளை ஓட்டும் நிலையான வேலை அவருக்குக் கிடைத்தது.

நிலையான வேலை என்றால் என்ன? சொந்தக்காரர் பணம் தருகிறார்; ஜாக்கியின்மீது முதல் உரிமை பெறுகிறார். அவர் குதிரை ஓடும் நாளில், வேறொருவர் இதைவிட நல்ல குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், ஜாக்கி கைவிரித்தாக வேண்டும். கட்டு அத்தனை இறுக்கம்!

இளவரசரின் குதிரை மிஷ்ரிஃப். 2021 பிப்ரவரி 20ஆம் நாள், ரியாத் நகரில் சவூதிக் கோப்பைப் பந்தயம். மொத்தப் பரிசு 2 கோடி டாலர். முதற்பரிசு மட்டும் 1 கோடி டாலர். உலகிலேயே பெரும்பரிசுப் பந்தயமான அதில் மிஷ்ரிஃப் முந்தியது. கடிவாளம் 21 வயது ஈகனின் கையில்! மறுமாதம் துபாயில் மீண்டும் வெற்றி. இரண்டாவதாக வந்த ஜப்பானியக் குதிரைக்கும் மிஷ்ரிஃபுக்கும் இடையே இருந்தது ஒரு கழுத்தளவு தூரமே. ஆகஸ்டில் இங்கிலாந்தின் யார்க் திடலில் ஆறு குதிரை நீள இடைவெளியில் வெற்றி. பாராட்டுக்குப் பஞ்சமில்லை.

ஆண்டு மாறிற்று, காற்றும் மாறிற்று. 2022 பிப்ரவரியில் அதே ரியாத் திடலில் மிஷ்ரிஃப் கடைசியாக வந்தது. இளவரசர் பொறுத்தார். இளைஞரை நம்பிப் பெரிய குதிரையைத் தந்தவர் அவரே. அந்தப் பெருந்தன்மையை நாம் மறைக்கவில்லை. ஜூலை 2ஆம் நாள், லண்டனை அடுத்த சாண்டவுன் திடலில் எக்லிப்ஸ் பந்தயம். கடைசிக் கட்டத்தில் முன்னே ஓடிய குதிரைகளுக்கிடையே வழி கிடைக்காமல் மிஷ்ரிஃப் தடுமாறியது, வழி கிடைத்ததும் பாய்ந்தது, இரண்டாவதாக வந்தது. முந்திய குதிரைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? ஒரு கழுத்தளவு!

சில நாட்களில் வேலை போயிற்று. ஈகனுக்கு அப்போது வயது 23.

துபாயில் ஒரு கழுத்தளவு புகழ் தந்தது. சாண்டவுனில் ஒரு கழுத்தளவு வேலையைப் பறித்தது. அளவு ஒன்றுதான், நீதிதான் இரண்டு!

"குதிரை யாருடையது? விரும்பியவரை ஏற்றுவது அவர் உரிமையல்லவா?" என்று கேட்பார்கள். உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் உரிமை கொண்டாடுபவருக்கு முடிவுவரை பொறுப்பும் வேண்டாமா? ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், பின்னாலேயே ஆம்புலன்ஸ் வண்டி! அப்படிப்பட்ட தொழிலில் கணப்பொழுதில் எடுக்கும் முடிவு ஒன்று பிசகினால், வாழ்வே பிசக வேண்டுமா?

சரி, ஆளை மாற்றினார்கள், வெற்றி வந்ததா? ஜூலை 23ஆம் நாள் ஆஸ்காட் திடலில் ஜேம்ஸ் டாயில் ஓட்டினார், அவரும் திறமைசாலியே. மிஷ்ரிஃப் மூன்றாவதாக வந்தது. அந்த ஆண்டு முழுவதும் அது ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை.

வேலை இழந்த ஈகனோ, செப்டம்பர் 11ஆம் நாள் டான்காஸ்டர் திடலில், வேறொருவருக்குச் சொந்தமான எல்டார் எல்டாரோவ் என்ற குதிரையை ஓட்டி, 1776இல் தொடங்கிய செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றார். கை தேர்ந்த கைதான் என்பதற்கு இனியும் சாட்சி வேண்டுமோ?

குதிரைப் பந்தயம் சூதா, திறமையா என்ற வழக்கு நம் நாட்டிலும் நடந்தது. 1974இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் செய்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், அது பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. ஜாக்கியின் திறமையையும் அதில் சேர்த்தே எண்ணியது. பந்தயத்தைக் காக்க ஜாக்கியின் திறமை வேண்டும். அந்த ஜாக்கியைக் காக்க மட்டும் யாரும் வேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. முதல் உரிமை வாங்கினால், பந்தயப் பருவம் முடியும்வரையாவது வேலை உறுதி வேண்டும். விலக்குவதானால் முன்கூட்டிச் சொல்லவேண்டும், காரணமும் சொல்லவேண்டும். ஆலைத் தொழிலாளிக்குத் தேவையான நியாயம், குதிரைமேல் ஏறியவருக்கு மட்டும் தேவையற்றதாகிவிடாது.

வெற்றியே காணாத அந்த ஆண்டுக்குப் பின் மிஷ்ரிஃப் ஓய்வு பெற்றது; பிரான்ஸ் நாட்டு இனவிருத்திப் பண்ணையில் அதற்கு இடம் கிடைத்தது. மகிழ்ச்சி! ஓடி உழைத்த குதிரைக்குக் காட்டிய பரிவில், ஓட்டி உழைத்த மனிதனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நாளே பந்தயத் திடலுக்குப் பெருமை தரும் நாள்!