பறவையின் பெயரில் ஒரு முறம்

கல்லூரியில் நான் பௌதிகம் எடுத்துப் படித்ததற்குப் பறவைகளும் ஒரு காரணம் என்றால் நம்புவீர்களா? பறவைகள்மீது எனக்கு வெறுப்பில்லை. அவற்றின் விஞ்ஞானப் பெயர்கள்தான் என்னை விரட்டின. வாயில் நுழையாத அந்தப் பெயர்களை எதற்காக நெட்டுருப் போட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியரோடு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். எங்களைக் கண்டதும் ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டே எழும்பி வட்டமிட்டது. "இது வானெல்லஸ் இண்டிகஸ்" என்றார் அவர். நான் முகம் சுளித்தேன். "பயப்படாதீங்க சார். இலத்தீன்ல வன்னஸ்னா முறம். வானெல்லஸ்னா சின்ன முறம். அதோட இறக்கையைப் பாருங்க!" என்றார்.

பார்த்தேன். அகன்ற இறக்கைகள், தானியம் புடைக்கும் முறத்தைப் போலவே மேலும் கீழும் அசைந்தன. ஐரோப்பாவிலுள்ள அதன் உறவுப் பறவைக்கு முதலில் வழங்கிய பெயர் அது. இண்டிகஸ் என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. அன்று கேட்ட பெயர் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

ஏன் இரண்டு சொற்கள்?

ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. ஒரே பெயரை இரண்டு பறவைகளுக்கு வழங்குவதும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி செய்தவர் சுவீடன் நாட்டு இயற்கை விஞ்ஞானி கார்ல் லின்னேயஸ். 1758-ல் வெளியான தமது 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில், 4,000-க்கும் மேற்பட்ட விலங்கினங்களுக்கு இரண்டே சொற்களில் பெயர் தந்தார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாவது சொல் சிற்றினத்தையும் குறிக்கும். நம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றதுதான் இதுவும்.

காலும் அலகும்

சேற்றிலும் ஆழமில்லாத நீரிலும் நடந்து இரை தேடும் பறவைகளுக்குக் காலும் அலகுமே கருவிகள். பெயர் வைத்தவர்களின் கண்ணும் பெரும்பாலும் அங்கேதான் சென்றது.

நெடுங்கால் உள்ளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெல்லிய, சிவந்த, மிக நீண்ட கால்கள். இதன் பெயர் ஹிமான்டோபஸ் ஹிமான்டோபஸ். கிரேக்க மொழியில் ஹிமாஸ் என்றால் தோல்வார். பூஸ் என்றால் பாதம் அல்லது கால். வார்போன்ற காலுடையது என்று பொருள்.

கோணமூக்கு உள்ளானின் பேரினப் பெயர் ரிகர்விராஸ்ட்ரா. இலத்தீனில் 'பின்னோக்கி வளைந்த அலகு' என்று பொருள். இதன் அலகு மேல்நோக்கி வளைந்திருக்கும். கர்லியூ என்னும் பறவையின் நீண்ட அலகோ கீழ்நோக்கி வளைந்தது. அதன் பேரினப் பெயர் நூமீனியஸ். கிரேக்கத்தில் 'புதுநிலா' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது. பிறை போன்ற அலகு!

நத்தைகுத்தி நாரையின் கதை இன்னும் சுவையானது. அலகுகளை மூடிய பிறகும் அவற்றின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இதன் பெயர் அனஸ்டோமஸ் ஆஸிடன்ஸ். முதற்சொல் கிரேக்கம்; வாயை அகலத் திறத்தல் என்று பொருள். இரண்டாவது இலத்தீன், கொட்டாவி விடுவது என்று பொருள். விஞ்ஞானப் பெயர் அலகின் வடிவத்தைச் சொல்கிறது. அந்த அலகு எதற்குப் பயன்படுகிறது என்பதை நம் ஊர்ப் பெயர் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு பாடமே கிடைத்துவிடுகிறது.

பிழையும் நிலைத்துவிடும்

பெயரில் உள்ளதெல்லாம் உண்மை என்று எண்ணிவிடாதீர்கள். கல்திருப்பி உள்ளான், கடற்கரைக் கற்களைப் புரட்டி அடியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னும். குளிர்காலத்தில் நம் கரைகளுக்கும் வரும். இதன் சிற்றினப் பெயர் இன்டர்ப்ரெஸ், அதாவது மொழிபெயர்ப்பாளர். பறவைக்கும் மொழிபெயர்ப்புக்கும் என்ன தொடர்பு?

1741-ல் லின்னேயஸ் காட்லாந்து என்னும் சுவீடன் தீவுக்குச் சென்றார். அங்கு 'டோல்க்' என்று ஒரு பறவைப் பெயரைக் கேட்டார். சுவீடன் மொழியில் டோல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். அது கல்திருப்பியின் பெயர் என்று எண்ணி, அப்படியே இலத்தீனில் எழுதிவிட்டார். ஆனால் அந்தத் தீவின் பேச்சுவழக்கில் டோல்க் என்றால் கால்! அதுவும் பவளக்காலி என்ற வேறொரு பறவையின் பெயர். ஆக, ஒரு பெயரில் இரண்டு பிழைகள்.

திருத்தக் கூடாதா? கூடாது என்கிறது விதி. முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை. உறவுமுறை பற்றிய அறிவு வளரும்போது பேரினம் மாறலாம். லின்னேயஸ் டிரிங்கா பேரினத்தில் வைத்த கல்திருப்பி இப்போது அரினேரியா பேரினத்தில் இருக்கிறது. ஆனால் இன்டர்ப்ரெஸ் அப்படியே நிற்கிறது. பொருள் தவறு என்று ஆளுக்கு ஆள் பெயரை மாற்றினால் பழைய நூலும் புதிய நூலும் ஒரே பறவையைத்தான் பேசுகின்றன என்று எப்படி அறிவது?

பௌதிகத்திலும் இப்படி ஒன்று உண்டு. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகப் படம் போடுகிறோம். கம்பியில் எலக்ட்ரான்கள் நகர்வதோ எதிர்த் திசையில்! 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. இரண்டையும் அறிந்தவனுக்கு அதனால் குழப்பமில்லை.

துருவைத் தேடுங்கள்

கடைசியாக ஒரு பெயர்: காலிட்ரிஸ் ஃபெருஜீனியா. ஃபெருஜீனியா என்றால் துரு நிறமுடையது. கோடியக்கரையில் குளிர்காலத்தில் இந்தச் சிறிய உள்ளானைத் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். சாம்பல் நிறப் பறவைதான் அங்கிருக்கும். பெயர் தவறா? இல்லை. சைபீரியாவின் வடகோடியில் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அதன் உடல் துருச்சிவப்பாக மாறும். டென்மார்க்கைச் சேர்ந்த பான்டோப்பிடான் 1763-ல் வைத்த பெயர் அந்தக் கோலத்தைக் குறிக்கிறது. ஏப்ரலில் வடக்கே புறப்படும் முன் சில பறவைகளின் மார்பில் அந்தச் சிவப்பு தோன்றத் தொடங்கும்.

இந்தப் பறவையின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலில் உயர்த்தியது. ஆகவே, பெயரை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். பொருளைக் கேளுங்கள். பிறகு ஏரிக்கரைக்கோ உப்பளத்துக்கோ சென்று, அந்தப் பெயரில் உள்ளது பறவையிடம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இந்த ஏப்ரலில் துருவைக் கண்டால், எந்த ஊரில், எந்த நாளில் கண்டீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.