மூளைக்குள் ஒரு காவல்காரன்

ஆனேக்கல், அத்திப்பள்ளி, சந்தாபுரம் வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. காப்பி டம்ளரைப் பிடித்த கை நடுங்கினால், "வயசாயிடுச்சு". அடுப்பில் பால் வைத்ததை மறந்தால், "வயசாயிடுச்சு". கடைக்குப் போன பெரியவர் வீட்டுக்கு வழி தெரியாமல் திம்மராயசுவாமி கோயில் பக்கம் நின்றுகொண்டிருந்தாலும் அதே பதில்தான். தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ பிழைக்க வந்து, ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் ஷிப்டு பார்க்கும் மகனுக்கு, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே அந்தச் சொல் வசதியானதாகவும் இருக்கிறது.

ஆனால் அது சரியான சொல்தானா? வயது ஏறுவதால் மட்டும் மூளைக்குள் என்னென்ன மாறுகிறது என்று ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கவனித்தவற்றுள் ஒன்று, மைக்ரோகிளியா என்ற மிகச் சிறிய செல்.

மூளை என்றால் நரம்புச் செல்கள்தான் நம் நினைவுக்கு வரும். அவற்றுக்குத் துணையாக வேறு செல்களும் ஏராளமாக உள்ளன. அவற்றுக்குக் 'கிளியா' என்று பெயர். கிரேக்க மொழியில் பசை என்று பொருள். வெறும் ஒட்டுப் பசை என்றே முதலில் நினைத்தார்கள். 1919-ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்டேகா, வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றி, அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சின்னஞ்சிறு செல்லைத் தனியே பிரித்துக் காட்டினார். மைக்ரோகிளியா என்று பெயரிட்டவரும் அவரே.

இந்தச் செல் செய்வது தொழிற்சாலை இரவுக் காவலரின் வேலை. உடலிலிருந்து சிலந்திக் கால்கள் போல மெல்லிய கிளைகளை நீட்டி, சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த விஞ்ஞானிகள், இந்தக் கிளைகள் ஒரு கணமும் ஓய்வதில்லை என்று 2005-ல் தெரிவித்தனர். சில மணி நேரத்துக்குள் மூளை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுமாம். செத்த செல்லையும் கழிவையும் விழுங்கி அப்புறப்படுத்துவதும், வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் களைவதும் இதன் பொறுப்பே. இன்னொரு செய்தி நம்மவர்களுக்குப் பிடிக்கும்: இந்தக் காவல்காரன் உள்ளூர்க்காரன் அல்ல. கரு உருவாகும் ஆரம்ப நாட்களில், கருவைச் சேர்ந்த மஞ்சட்கருப் பையில் பிறந்து, மூளைக்குக் குடிபெயர்ந்து வந்து, ஆயுள் முழுதும் அங்கேயே தங்கிவிடுகிறான்.

காவலே கேடாகும்போது

அடிபட்டாலோ, கிருமி புகுந்தாலோ, வேண்டாத புரதம் சேர்ந்தாலோ மைக்ரோகிளியா கிளைகளைச் சுருக்கிக்கொண்டு பருத்து நிற்கும். அழற்சியை உண்டாக்கும் ரசாயனங்களை வெளியிடும். திருடன் போன பிறகும் விசில் ஊதிக்கொண்டே தடியைச் சுழற்றும் காவலரைப் போல, இந்தச் சீற்றம் அடங்காவிட்டால் பக்கத்திலுள்ள நல்ல நரம்புச் செல்களும் அடிபடும். பார்க்கின்சன் நோயால், அதாவது நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் இப்படிச் சீறி நின்ற செல்களைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் எடுத்துக்காட்டினர்.

அதற்காகக் காவலரையே குற்றவாளி ஆக்கிவிட முடியாது. மைக்ரோகிளியாவின் துப்புரவுப் பணிக்கு உதவும் 'டிரெம்-2' என்ற ஜீனில் ஒரு குறிப்பிட்ட மாறுதல் இருப்பவர்களுக்கு, அல்ஸைமர் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2013-ல் தெரியவந்தது. வேலையில் மெத்தனமும் ஆபத்து, மிதமிஞ்சிய வேகமும் ஆபத்து.

அழற்சிதான் காரணம் என்றால் வலி மாத்திரை போட்டால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் முதியோருக்கு அத்தகைய மாத்திரைகளைக் கொடுத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மறதி நோயை அவை தடுக்கவில்லை. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு வந்தால் அதுதான் மிச்சம்.

மூளை வங்கி சொன்னது

நிம்ஹான்ஸில் டாக்டர் எஸ்.கே. சங்கரின் முயற்சியால் 1995-ல் மூளை வங்கி தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையின்போது, குடும்பத்தார் சம்மதித்தால், மூளை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்படுகிறது. சவக்கிடங்கு வாசலில் அழுதுகொண்டு நிற்பவரிடம் போய் இதைக் கேட்பது எளிதல்ல. அந்த நேரத்தில் 'சரி' என்று சொன்னவர்களால்தான், நரம்பு நோய் இல்லாதவர்களின் மூளை ஆராய்ச்சிக்குக் கிடைத்தது.

அதைக்கொண்டு டாக்டர் பல்குனி ஆனந்த் அல்லாடி குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு பகுதியைப் பற்றியது. நடுக்குவாதத்தில் அழிவது அந்தப் பகுதிதான். கருவிலிருந்த சிசு முதல் முதியோர் வரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடுவயதுக்குப் பின் கிளியா செல்கள் சற்றே கூடியிருந்தன. மைக்ரோகிளியாவில் சில உருமாறி, அழற்சிக்கு அறிகுறி காட்டின. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பெரிய மாற்றம் இல்லை. மாறுதல்கள் மெல்லியவையே.

மூளையின் ஒரு பகுதியை மட்டும் பார்த்த ஆய்வுதான் இது. ஆனாலும், முதுமை வேறு, நோய் வேறு என்பதற்கு நம்மூரிலேயே கிடைத்த சான்று. கை நடுக்கமும் வழி தவறுவதும் வயதின் கணக்கில் எழுதித் தள்ளுபடி செய்ய வேண்டியவை அல்ல.

டாக்டரிடம் போனால் பயன் உண்டா? உண்டு. வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு குறைவு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய இரத்தம் ஆகியவையும் மறதியைத் தரும், இவை சரிசெய்யக்கூடியவை. நடுக்குவாதத்தை ஒழிக்க மருந்தில்லை என்றாலும், லெவோடோபா மாத்திரை உடல் விறைப்பைத் தளர்த்தி நடமாட வைக்கும். மறதி நோய்களில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் கூறியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை, தலையில் அடி ஆகியவை அதன் பட்டியலில் வருகின்றன. மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகும் இளவட்டங்கள் கடைசியில் சொன்னதைக் கவனிக்கலாம்.

ஆனேக்கல் தாலுகாவுக்குள்ளேயே, சகலவாராவில் நிம்ஹான்ஸின் சமுதாய மனநல மையம் இருக்கிறது. எங்கே போனாலும், பெரியவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்வது நல்லது. கூடப் போகிறவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். எப்போது ஆரம்பித்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.