உறக்க மூச்சுத்தடையும் குருதிக் கொழுப்பும்: காரணம் பற்றிய ஒரு நோக்கு

சாள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நாவலில் ஜோ என்றொரு சிறுவன் வருகின்றான். பருத்த உடலினன், உணவிற் பெருவிருப்புடையவன், ஏவிய வேலையின் நடுவிலேயே உறங்கிக் குறட்டை விடுபவன். வாசகருக்கு அவன் நகைப்பூட்டும் பாத்திரம். ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின்னர், 1956இல், பேர்வெல்லும் அவர்தம் சகாக்களும் மிகுபருமனும் ஓயாத பகலுறக்கமும் மூச்சுக் குறைவும் கொண்ட நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதியபோது, அந்நிலைக்குப் 'பிக்விக் நோய்' எனப் பெயரிட்டனர். நகைப்புக்குரியதாக இருந்த ஒன்று மருத்துவத்தின் கவனத்துக்குரியதாயிற்று.

எனினும் பழைய நகைப்பின் எச்சம் இன்னும் மறைந்துவிடவில்லை. குருதியிற் கொழுப்பு மிகுந்து, பகலிலே தூங்கி வழியும் ஒருவருக்கு, உணவைக் குறைக்குமாறும் சோம்பலை விடுமாறும் கூறுவதோடு நமது ஆலோசனை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. இவ்விரு கோளாறுகளுக்குமிடையே உள்ள தொடர்பு எத்தகையது, அதிற் காரணம் எது, காரியம் எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

விழித்திருக்கையில் தொண்டைத் தசைகள் மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. பாதை இயல்பாகவே ஒடுங்கியிருப்பின், இத்தளர்ச்சியால் அது முற்றாக அடைபடலாம். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டிருப்பினும் காற்று உட்செல்வதில்லை. குருதியின் ஒட்சிசன் அளவு வீழ்கின்றது. மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்க, பெருங் குறட்டையுடன் மூச்சு மீள்கின்றது. உறங்குபவர் இதனை அறிவதில்லை.

1965இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே இத்தகையோரின் உறக்கத்தைக் கருவிகளாற் பதிவுசெய்து, மூச்சு மீண்டும் மீண்டும் நின்று தொடர்வதைக் கண்டனர். 1976இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லமினோவும் டிமென்றும் இதற்கு உறக்க மூச்சுத்தடை நோய் என்ற பெயரை நிலைபெறச் செய்தனர். பருமனற்றோரிடத்தும் இது உண்டென்பது அக்காலத்திலேயே தெளிவாயிற்று. குறைந்தது 10 செக்கன் மூச்சு நிற்பது ஒரு தடையாகக் கணிக்கப்படும். மூச்சு நிற்றலும் குறைதலும் மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேற்படின் நோய் உண்டெனவும், 30ஐ எட்டின் அது கடுமையானதெனவும் கொள்வர்.

இது அரிய நோயன்று. 1993இல் வெளியான விஸ்கொன்சின் ஆய்வில், 30 முதல் 60 வயதுவரையுள்ள உழைக்கும் மக்களிடையே ஆண்களில் 24 சதவீதத்தினரும் பெண்களில் 9 சதவீதத்தினரும் இந்த 5 என்னும் எல்லையில் அல்லது அதற்கு மேல் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் தம் நிலையை அறியாதவர்.

தொடர்பும் அதன் ஐயமும்

ஐக்கிய அமெரிக்காவில் 6000க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2001இல் அறிக்கையிடப்பட்ட ஆய்வொன்றில், மூச்சுத்தடை மிகுந்தோரிடம் நன்மை பயக்கும் உயர் அடர்த்திக் கொலஸ்திரோல் குறைந்தும் திரைகிளிசரைட்டு கூடியும் காணப்பட்டன. 65 வயதுக்குட்பட்டோரிடம் இத்தொடர்பு கூடிய தெளிவுடன் தோன்றியது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் இதே திசையையே காட்டின.

ஆயினும் இரண்டு பொருள்கள் ஒருங்கே காணப்படுவதால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. இரண்டையும் தோற்றுவிக்கும் மூன்றாவது காரணம் இங்கு வெளிப்படையாகவே உண்டு, அதுவே உடற்பருமன். கழுத்திலும் நாக்கிலும் படியும் கொழுப்பு மூச்சுப் பாதையை ஒடுக்குகின்றது. வயிற்றினுட் சேரும் கொழுப்பு இன்சுலினின் செயலைத் தடைசெய்து ஈரலிலிருந்து திரைகிளிசரைட்டு மிகுதியாக வெளியேற வழிசெய்கின்றது. அவ்வாறாயின், மூச்சுத்தடை வெறும் உடன்பயணியா, அல்லது தானும் ஒரு காரணமா?

மூச்சுத்தடை தானாகச் செய்வது

இவ்வினாவுக்கு விலங்குப் பரிசோதனைகள் பயனுள்ள விடையளித்தன. பருமனைப் பரிசோதனையிலிருந்து விலக்கிவிட முடிந்தமையே அவற்றின் சிறப்பு. பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெலிந்த எலிகளை, ஒட்சிசன் இடையிடையே குறைந்து மீளும் காற்றில் 5 நாட்கள் வைத்திருந்தனர். அவற்றின் குருதியிற் கொலஸ்திரோலும் திரைகிளிசரைட்டும் உயர்ந்தமையை 2005இல் அவர்கள் வெளியிட்டனர்.

இதன் பொறிமுறை மூன்று படிகளில் விளக்கத்தக்கது. முதலாவதாக, ஒவ்வொரு தடையும் பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டுகின்றது. அதனாற் கொழுப்பிழையம் உடைந்து கொழுப்பமிலங்கள் குருதியில் விடப்படுகின்றன. சிகிச்சையை நிறுத்திய இரவிலேயே நோயாளரின் குருதியிற் கொழுப்பமிலங்கள் உயர்வது 2017இல் அளந்து காட்டப்பட்டுள்ளது. இரண்டாவதாக, ஒட்சிசன் குறைவை உணரும் புரதங்கள் ஈரற் கலங்களிற் கொழுப்பை ஆக்கும் நொதியங்களைத் தூண்டுகின்றன. மூன்றாவதாக, குருதியிலுள்ள திரைகிளிசரைட்டை உடைத்து அகற்றும் நொதியத்தின் செயல் தடைப்படுகின்றது. வரவு பெருகிச் செலவு குறையும்போது குருதியிற் கொழுப்பு தேங்குதல் இயல்பே.

அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 2007இல் வந்த பரிசோதனை மேலும் கருத்தூன்றத்தக்கது. கொலஸ்திரோல் மிகுந்த உணவையும் ஒட்சிசன் குறைவையும் ஒருங்கே பெற்ற 10 எலிகளில் 9இன் பெருநாடியிற் கொழுப்புப் படிவுகள் தோன்றின. இரண்டில் ஒன்றை மாத்திரம் பெற்றவற்றில் அவை தோன்றவில்லை. உணவும் மூச்சும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பதே இதன் பொருள்.

சிகிச்சை தரும் சான்று

காரணமொன்றை நீக்கினால் காரியம் குறைய வேண்டும். 1981இல் அவுஸ்திரேலியாவின் கொலின் சலிவன், மூக்கிற் பொருத்திய முகமூடி வழியே சிறிது அமுக்கத்துடன் காற்றைத் தொடர்ந்து செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். மூச்சுத்தடையைப் பொறுத்தவரை இது மிக்க பயனுடையது. குருதிக் கொழுப்பைப் பொறுத்தவரை அதன் பயன் மிகச் சிறிதே. 2014இல் வெளியான ஆய்வொன்றிற் பருமனான நோயாளர் மூன்று குழுக்களாக 24 வாரம் அவதானிக்கப்பட்டனர். எடையைக் குறைத்தோரிடமும், எடைக் குறைப்புடன் முகமூடியையும் பயன்படுத்தியோரிடமும் திரைகிளிசரைட்டு குறைந்தது. முகமூடியை மட்டும் பயன்படுத்தியோரிடம் அது குறையவில்லை. 2016இல் 2700க்கு மேற்பட்ட இதய, மூளைக்குருதிக்கலன் நோயாளரிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்விலும் முகமூடியால் மாரடைப்பு முதலிய நிகழ்வுகள் குறையவில்லை. அவர்கள் அதனை இரவொன்றுக்குச் சராசரி 3.3 மணித்தியாலமே அணிந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பருமனே பெரும் பங்கினதென்பதும், மூச்சுத்தடைக்குத் தனக்கெனச் சிறிய, ஆயின் மெய்யான பங்கொன்று உண்டென்பதும் பெறப்படும். எனவே, கொழுப்பைக் குறைக்கும் மருந்துக்குப் பதிலாக முகமூடியைக் கொள்ளல் தவறு. குருதியிற் கொழுப்பு மிகுந்த நோயாளரின் உறக்கத்தை விசாரியாது விடுதலும் தவறு.

சமூக நோக்கு

இந்த விசாரணை நமது மக்களுக்கு மிகவும் வேண்டப்படுவது. தென்னாசியரிடம் மிதமான எடையிலேயே திரைகிளிசரைட்டு உயர்ந்தும் உயர் அடர்த்திக் கொலஸ்திரோல் தாழ்ந்தும் காணப்படல் நன்கறியப்பட்டது. ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 23இலிருந்தே கவனம் வேண்டுமென உலக சுகாதார நிறுவன நிபுணர் 2004இல் கூறினர். தாடை அமைப்பின் காரணமாக ஆசியர் பலரிடம் பெரும் பருமன் இன்றியே மூச்சுத்தடை தோன்றுகின்றது. ஆகவே ஜோவின் உருவத்தைத் தேடும் கண்ணுக்கு நம்மவர் பலர் புலப்படமாட்டார். பெண்களோ குறட்டையைக் கூறாது களைப்பையும் உறக்கமின்மையையும் முறையிடுவதால், மனச்சோர்வென ஒதுக்கப்படுகின்றனர்.

2024 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா, பருமனான வளர்ந்தோரின் மூச்சுத்தடைக்குத் திர்செபரைட் என்னும் எடைகுறைக்கும் மருந்தை அனுமதித்தது. அதன் விலை சாதாரண உழைப்பாளிக்கு எட்டாதது. இரவு முழுதும் கருவிகளால் உறக்கத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனையும் எல்லோர்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும் சில கேள்விகளுக்குப் பணம் வேண்டியதில்லை. உரத்த குறட்டை உண்டா? உறக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டதுண்டா? காலையிற் தலைவலியும் பகலிலே தூக்கமும் உளவா? குருதியமுக்கம் மருந்துக்கு அடங்காதிருக்கின்றதா? கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைக் கையிலெடுக்கும் வைத்தியர் ஒவ்வொருவரும் இவற்றைக் கேட்பது வழக்கமாதல் வேண்டும். இரவில் நூறு தடவை மூச்சுத் திணறி எழும் பேருந்துச் சாரதியைச் சோம்பேறி என்பது அவருக்கு இழைக்கும் அநீதி. அவரை நம்பி ஏறும் பயணிகளுக்கும் அது ஆபத்து.