மூடிக்குள் ஓடும் இன்ஜின்: ஸ்கூட்டர் பராமரிப்பு

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின், பெல்ட், கிளட்ச், கியர் பெட்டி, பின் சக்கரம் எல்லாம் ஒரே தொகுதியாகச் சேர்ந்து, சீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் செயின் தொய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்ஜினில் ஆயில் கசிந்தால் அதன் மேலேயே பிசுபிசுப்பாகப் படிந்து நிற்கும். ஸ்கூட்டரில் இவை எதுவும் வெளியே தெரிவதில்லை. சாவியைத் திருப்பி, செல்ஃபை அழுத்தி, ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி போகிறது என்பதால் அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டாம் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஸ்கூட்டர்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்த மறதிதான் காரணம்.

முதலில் ஆயில். 110 அல்லது 125 சிசி ஸ்கூட்டரின் இன்ஜினில் ஒரு லிட்டர் ஆயில்கூட இருப்பதில்லை. பல மாடல்களில் 700, 800 மில்லிலிட்டர்தான். அதில் 200 மில்லி குறைந்தாலே கால் பங்கு போயிற்று. கார்களில் இருப்பதுபோல் காகித ஆயில் ஃபில்டர் பல ஸ்கூட்டர்களில் கிடையாது. பெரிய துகள்களைத் தடுக்க ஒரு கம்பி வலை மட்டும் உண்டு. நுண்ணிய உலோகத் தூளும் கரியும் ஆயிலிலேயே மிதந்து சுற்றுகின்றன, அவற்றை வெளியேற்ற ஆயிலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். ஆனால் நெரிசலில் நின்று நின்று ஓடும் நகர வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கெடுவை உச்சவரம்பாகக் கொள்வதே சரி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கிலோமீட்டர் மட்டும் ஏறாது.

இடையில் மாதம் ஒரு முறையாவது அளவு பார்க்க வேண்டும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். பிறகு அளவுக்கோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் அளவுக்கோலை மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுப்பதே முறை. திருகிப் பார்த்தால் ஆயில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவு பார்ப்பது வீண் வேலை. 1984-இல் வந்த கைனெட்டிக் ஹோண்டா போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும், அளவுக்கோல் பார்க்கும் வேலையே இல்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த வீடுகளில் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வந்த பிறகும் அளவுக்கோலைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30 என்ற எண்ணோடு ஜாசோ எம்பி என்ற குறியும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஆயிலில் மூழ்கியே இயங்குவதால் அதற்கு வழுக்காத எம்ஏ வகை வேண்டும். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்த அறையில் இருப்பதால் உராய்வைக் குறைக்கும் எம்பி வகை போடலாம், மைலேஜுக்கும் அது சற்று உதவும். ஸ்கூட்டருக்கு எம்ஏ ஆயில் போய்விட்டால் பெரிய கேடில்லை. வீட்டில் பைக்கும் இருந்து, எம்பி ஆயிலை அதற்கு ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

இன்ஜின் ஆயிலைப் பற்றியாவது மெக்கானிக் கேட்பார். கியர் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கியர் இல்லாத வண்டி என்று சொன்னாலும் பின் சக்கரத்தை ஒட்டி வேகம் குறைக்கும் பல்சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு பெட்டி உண்டு, அதில் 120 மில்லி அளவில் தனி ஆயில் இருக்கிறது. சர்வீஸ் பில்லில் அது சேர்ந்திருக்கிறதா என்று உரிமையாளரே பார்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்தால் கசியும் ஆயில் நேராகப் பின் பிரேக் டிரம்முக்குள் போகும். பின் சக்கர நடுவில் எண்ணெய்க் கறை தெரிந்து, பிரேக்கும் பிடிக்காமல் போனால் ஷூவை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்கும் வேலை, சீலை மாற்றினால்தான் தீரும்.

இடப்பக்க நீண்ட மூடிக்குள் பெல்ட் இருக்கிறது. முன்புறக் கப்பியில் உள்ள ரோலர்கள் இன்ஜின் வேகம் ஏற ஏற வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன, கப்பியின் இரு தட்டுகளும் நெருங்குகின்றன, பெல்ட் மேலேறுகிறது. கியர் மாற்றுவதை இப்படித்தான் வண்டி தானாகவே செய்துகொள்கிறது. பின்புறம் உள்ள கிளட்ச் ஷூக்கள் குறிப்பிட்ட வேகம் வந்ததும் விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. பெல்ட் ரப்பர், அது தேய்ந்து அகலம் குறையும், விளிம்பில் வெடிப்பு விழும். பெரும்பாலான மாடல்களில் 20,000 முதல் 24,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறார்கள். உருளையான ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையானால் பிக்கப் குறையும், ஒரே வேகத்தில் போக முடியாமல் வண்டி தயங்கும். புறப்படும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூவில் தூசி படிந்திருக்கலாம், சுத்தம் செய்தாலே சரியாகலாம். பெல்ட் அறுந்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. கெடு தாண்டிய பெல்ட்டை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பயணம் போவது புத்திசாலித்தனமல்ல. சிக்னலில் நிற்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகும் பழக்கம் கிளட்ச்சைச் சூடாக்கித் தேய்க்கும்.

இன்ஜின் மூடியிருப்பதால் காற்று தானாக அதன் மேல் படாது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் வலப்பக்கம் ஒரு மின்விசிறி போன்ற சக்கரம் காற்றை இழுத்து இன்ஜின் மேல் வீசுகிறது. அதன் வலைமூடியில் பிளாஸ்டிக் பையோ, சேறோ, காய்ந்த இலையோ அடைத்தால் இன்ஜின் சூடேறும். மூடியைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும், வேறு செலவில்லை.

ஏர் ஃபில்டரில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. இப்போதைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் எண்ணெய் தோய்ந்த காகித வகை ஃபில்டர்தான் வருகிறது. அதைக் காற்றடித்தோ கழுவியோ சுத்தம் செய்யக் கூடாது, அந்த எண்ணெய்தான் தூசியைப் பிடித்து வைக்கிறது. கெடு வந்ததும் மாற்ற வேண்டும், செம்மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்ஜினின் நிலையும் தெரியும்: நுனி இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு, எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் எரிகிறது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பது இப்போது 20 சதவீதத்தை எட்டியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும், பிரிந்து அடியில் தங்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூடியின் வாஷர் சிறிய விலைதான். மாதக்கணக்கில் பயன்படுத்தாத வண்டியில் பழைய பெட்ரோலைக் காலி செய்து புதிதாக ஊற்றுவது நல்லது.

பிரேக் விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாது. டிரம் பிரேக்கில் லீவரை அழுத்தும்போது தொடக்கத்தில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை பிடிப்பில்லாத இடைவெளி இருப்பது சரியானது, அதைவிடக் கூடினால் சக்கரத்துக்கு அருகில் உள்ள நட்டைத் திருகிக் குறைக்கலாம். திருகிய பிறகு மெயின் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும், உரசல் கேட்டால் சற்றுத் தளர்த்த வேண்டும். பிரேக் கை மீதுள்ள அம்புக்குறி டிரம் தகட்டில் உள்ள குறியோடு ஒட்டும் நிலைக்கு வந்துவிட்டால் ஷூ தீர்ந்துவிட்டது, திருகிப் பயனில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில், இடக்கை லீவரை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து வேலைசெய்யும் கூட்டு பிரேக் கட்டாயமாகியிருக்கிறது. அந்த அமைப்பின் இணைப்புகளை வீட்டில் மாற்றியமைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே பாதுகாப்பு. டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் திரவம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டும், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

டயர் சின்னது என்பதால் ஒரே தூரத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றுகிறது, பள்ளத்தின் அடியையும் நேரடியாக வாங்குகிறது. 110 சிசி மாடல்கள் பலவற்றில் முன் சக்கரத்துக்கு 22 பிஎஸ்ஐ, பின் சக்கரத்துக்கு ஒருவர் போனால் 29, பின்னால் ஆள் ஏறினால் 36 வரை என்று குறிப்பிட்டிருக்கும். சக்கரம் சூடாகும் முன், காலையில் அளந்தால் அளவு சரியாக இருக்கும். பெட்ரோல் பங்க்கில் இரு சக்கரத்துக்கும் ஒரே அளவு பிடிக்கச் சொல்வது தவறு. டயரின் பக்கத்தில் சிறு முக்கோணம் காட்டும் இடத்தில் பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் உடனே பிடுங்கக் கூடாது, ஆணியோடு மெதுவாகப் பஞ்சர் கடைவரை போய்விடலாம்.

2020-க்குப் பின் வந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்துவதால் பேட்டரி முக்கியமாகிவிட்டது. பம்பும் கணினியும் பேட்டரியை நம்பியிருக்கின்றன. அது முழுக்க இறங்கினால் கிக்கர் இருந்தாலும் உதைத்துப் பலன் கிடைப்பது கடினம். செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாமல், இடையே சில வினாடி விட்டு முயல வேண்டும். வெளியூர் போய் வாரக்கணக்கில் வண்டி நிற்கும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வைக்கலாம்.

வாட்டர் வாஷில் அழுத்தமான நீரை ஹேண்டில் பகுதி சுவிட்சுகளிலும் பெல்ட் அறையின் காற்று வாயிலும் பாய்ச்சக் கூடாது. கடலோர ஊர்களில் ஸ்டாண்ட் ஊசிகளும் சேசிஸின் அடிப்பக்கமும் துரு ஏறும், அங்கே கிரீஸ் போட மறக்கக் கூடாது.

தேங்கிய நீரில் ஓட்டுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. நீர் பெல்ட் அறைக்குள் போனால் பெல்ட் வழுக்கும், பிறகு காயும். ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு, வெள்ளம் வடிந்ததும் அவசரமாக செல்ஃபை அழுத்தியதே கேடாக முடிந்திருக்கும். மூழ்கிய வண்டியின் சாவியைக்கூடத் திருப்பாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றித் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போக வேண்டும். பிளக்கைக் கழற்றி சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்றுவார்கள். ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் கலந்த டீபோல வெளுத்திருக்கலாம், அப்படியிருந்தால் புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு மறுபடியும் மாற்றுவார்கள். கியர் ஆயிலும், பிரேக் டிரம்மும், பெல்ட் அறையும் அதே நாளில் திறந்து பார்க்கப்பட வேண்டியவை.