கணிப்பொறி தன் உறுப்பறியும் வகை

தமிழ்நாட்டின் வடமேற்கெல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி அமைந்துள்ள தொழில் நகரம் ஒசூர். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை இந்நகரத்தைத் தொட்டுச் செல்கின்றது. இரவு பகல் ஓயாது அச்சாலையில் ஓடும் சரக்கு வண்டிகளை ஓரத்தில் நின்று காண்பவன், ஓட்டுநரிடம் ஒரு சொல்லும் கேளாமலே வண்டி எவ்வூரினது என்று அறிந்துகொள்கின்றான். பதிவெண் டி.என். 70 என்று தொடங்கின் அவ்வண்டி ஒசூரிற் பதிவானது, டி.என். 24 என்று தொடங்கின் கிருஷ்ணகிரியிற் பதிவானது, கே.ஏ. என்று தொடங்கின் கருநாடகத்தது. வண்டி தன் பெயரைத் தன் முகத்திலேயே தாங்கி வருதலின் இவ்வறிவு எளிதாகின்றது. அப்பலகை இல்லையாயின் ஒவ்வொரு வண்டியையும் மறித்து வினவுதல் வேண்டும். வினவிய வழியும் விடை கிடைக்கும் என்பது உறுதியன்று.

கணிப்பொறியினுள்ளும் இத்தகைய வினா ஒன்று, அதனை இயக்கத் தொடங்குந்தோறும் எழுகின்றது. அவ்வினாவும், அதற்கு விடை காணும் முறையும் ஆராயத்தக்கன.

2011ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு, பள்ளி மாணவர்க்கு மடிக்கணினிகளை விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அவற்றைச் செய்தளித்த நிறுவனங்கள் ஒன்றல்ல, பல. ஆதலின் உள்ளிருந்த உறுப்புகளும் ஒரே வகையின அல்ல. அம்மடிக்கணினிகளில் விண்டோஸ் என்னும் இயங்குதளத்தோடு 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் வைக்கப்பெற்றிருந்தது. பாஸ் என்பது, சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் உருவாகி, 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் நடுவே இருந்து அனைத்தையும் ஆள்வது லினக்ஸ் என்னும் கரு; ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரிற் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் 1991ஆம் ஆண்டில் அதனை எழுதத் தொடங்கினார்.

ஹெல்சிங்கியில் எழுதத் தொடங்கியவர்க்கும் சென்னையில் தொகுத்தவர்க்கும், ஒசூர்ப் பள்ளி மாணவி ஒருத்தியின் கையிலுள்ள மடிக்கணினியில் எவ்வகை ஒலியுறுப்பு உள்ளது, எவ்வகை வலையுறுப்பு உள்ளது என்பன எவ்வாறு தெரியும்? தெரியா. மென்பொருளின் படி ஒன்றே. அது சென்று விழிக்கும் வீடுகளோ பலப்பல. எனவே கரு விழித்தவுடன் செய்யும் முதற்பணிகளுள் ஒன்று, தான் இருக்கும் வீட்டில் யார் யார் உளர் என்று வினவியறிதலாகும்.

அது வினவும் முறை மிக ஒழுங்குடையது. கணிப்பொறியின் உறுப்புகளிற் பல, பி.சி.ஐ. எனப்படும் பொதுவழியிற் பொருத்தப்பெற்றிருக்கும். இவ்வழியின் ஒவ்வொரு கிளையிலும் 32 இடங்கள் உண்டு. ஓரிடத்தில் அமைந்த உறுப்பு 8 தொழில்கள் வரை செய்யக்கூடும். கரு, முதலிடம் தொடங்கி ஒவ்வோரிடத்திலும் நின்று, "உன்னைச் செய்தவன் யார்?" என்று கேட்கின்றது. உறுப்பு இருப்பின், செய்த நிறுவனத்தின் எண்ணையும், அந்நிறுவனம் அவ்வுறுப்பிற்கு இட்ட எண்ணையும் விடையாகத் தரும். வண்டிப் பலகையில் மாநில எழுத்து முன்னும் வண்டியின் எண் பின்னும் நிற்பது போன்றதே இது. இன்டெல் நிறுவனத்திற்கு உரிய எண், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 8086 ஆகும். 1978இல் தான் வெளியிட்டுப் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அந்நிறுவனம் தன் அடையாள எண்ணாகவும் கொண்டது போலும்! இடம் வெறுமையாக இருப்பின் விடையின் பதினாறு கூறுகளும் ஒன்று ஒன்றாகவே வரும். அதன் மதிப்பு 65535. எந்நிறுவனத்திற்கும் அவ்வெண் வழங்கப்பெறவில்லை. ஆதலால், 'இங்கே ஒருவரும் இல்லை' என்பதற்கு அதுவே அடையாளமாயிற்று. வழியில் மற்றொரு கிளைக்குச் செல்லும் பாலம் எதிர்ப்படின், அதனைக் கடந்து அக்கிளையிலும் இவ்வாறே வினவும்.

பெயர் தெரிந்தபின் செய்வது யாது? ஒவ்வோர் உறுப்பையும் இயக்குதற்குத் தனித்தனி நிரல்கள் உண்டு. அவற்றை இயக்கிகள் என்பர். ஒவ்வோர் இயக்கியும், தான் பணிசெய்யவல்ல உறுப்புகளின் எண்களை ஒரு பட்டியலாகத் தன்னுடன் வைத்திருக்கின்றது. உறுப்பு கூறிய எண் எவ்வியக்கியின் பட்டியலில் உள்ளதோ, அவ்வியக்கி மட்டும் நினைவகத்திற்கு அழைக்கப்பெறும். ஏனையவை வட்டிலேயே உறங்கும்.

1996இல் வந்த யு.எஸ்.பி. முறையில் இதனினும் நுட்பமான ஏற்பாடு உண்டு. அதிற் புதிதாகச் செருகப்பெற்ற கருவி எதுவாயினும், முதலிற் சுழியம் என்னும் முகவரிக்கே விடையிறுக்கும். கரு அதற்கு 1 முதல் 127 வரையுள்ள எண்களில் ஒன்றை முகவரியாக வழங்கிய பின்னரே, அது தன் பெயரும் தொழிலும் விரித்துரைக்கும். வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு வருகை எண் தந்து, பின்னர் அவன் வரலாற்றைக் கேட்பது போன்றது இது.

இவ்வசதி எக்காலத்தும் இருந்ததன்று. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட சிறு கணிப்பொறியிலும் அதன் வழிவந்தவற்றிலும், உட்செருகும் அட்டைகளுக்குத் தம் பெயரைச் சொல்லும் ஆற்றல் இல்லை. அட்டையின்மேல் உள்ள ஜம்பர் என்னும் சிறு துண்டுகளை நகம் நோவப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகி, அதற்கு முகவரியையும் செயலியை அழைக்கும் கம்பியையும் மனிதனே குறித்தல் வேண்டும். அழைப்புக் கம்பிகள் முதற்பொறியில் எட்டே இருந்தன. இரண்டு அட்டைகள் ஒரே கம்பியைப் பற்றிக்கொள்ளின் அவை பணிசெய்யாமற் போவதும், பொறியே நின்றுவிடுவதும் உண்டு.

அக்காலத்துக் கரு என் செய்தது? அது இருளில் தடவிப் பார்ப்பது போல, ஐயத்திற்குரிய முகவரிகளில் ஏதேனும் ஒன்றை எழுதி, எழுகின்ற விடையின் தன்மையைக் கொண்டு உறுப்பை ஊகித்தது. வலையட்டை இருக்கும் என்று நினைத்து ஒரு முகவரியைத் தீண்டும். அங்கே இருப்பதோ வேறோர் அட்டை. அதற்கு அவ்வினாவே ஒரு கட்டளையாகிவிடும். பொறி அசைவற்று நிற்கும். இதனை அஞ்சியே, 'இன்ன முகவரியைத் தீண்டற்க' என்று தொடக்கத்திலேயே கருவுக்குத் தடை விதிக்கும் வழி ஒன்றை லினக்ஸில் அமைத்திருந்தனர்.

நிற்கும் பொறியை மீண்டும் இயக்கலாம்; மீளாத கேடும் நேர்ந்ததுண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி, கணிப்பொறியின் வெப்பநிலையைக் காட்டும் உறுப்புகளைத் தேடியறியும் மென்பொருள் ஒன்று லினக்ஸில் வழங்கிற்று. ஐ2சி வகையைச் சார்ந்த சிறு வழியில் அமைந்த அவ்வுறுப்புகளுக்கு முகவரி உண்டேயன்றிப் பெயர் இல்லை. ஆதலின் அம்மென்பொருள் ஒவ்வொரு முகவரிக்கும் சென்று, "உள்ளாயா?" என்று மட்டும் கேட்டது. சிலவகைத் திங்க்பேடு மடிக்கணினிகளில் அவ்வழியில் இருந்த நினைவுச் சில்லு ஒன்று, அவ்வினாவை எழுதும் கட்டளையாகக் கொண்டு, தன்னுள் இருந்த அடையாளச் செய்திகளைச் சிதைத்துக் கொண்டது. அடுத்த முறை அம்மடிக்கணினிகள் இயங்க மறுத்தன. வெப்பத்தை அறியப் புகுந்தவர் தம் கணினியையே இழந்தனர். பின்னர் அம்மென்பொருள், அவ்வகை மடிக்கணினிகளில் அத்தேடலைச் செய்யாதவாறு திருத்தப்பெற்றது.

வினவுதலில் உள்ள இடர் இது. வினவாமையிலும் ஓர் இடர் உண்டு. கருவைத் தம் பொறிக்கென்றே அளவாகச் சமைத்துக்கொள்ள விரும்புவோர், எந்தெந்த இயக்கிகள் வேண்டும் என்னும் வினாக்களுக்குத் தனித்தனியே விடை எழுதுதல் வேண்டும். அவை பல ஆயிரம். இத்துன்பத்தைக் குறைக்க ஸ்டீவன் ராஸ்டெட் என்பார் செய்த கருவி, 2009ஆம் ஆண்டில் லினக்ஸோடு சேர்ந்தது. அது, அவ்வேளையில் பொறியில் எவ்வியக்கிகள் பணிசெய்கின்றன என்று நோக்கி, அவற்றை வைத்துக்கொண்டு பயன்படாத ஏனையவற்றை நீக்கிவிடும். மிகுந்த பயனுடையது. ஆயினும், அவ்வேளையில் அச்சுப்பொறி இணைக்கப்படாது இருந்ததாயின், அதன் இயக்கி வேண்டாததென்றே விலக்கப்பட்டுவிடும். வருகைப் பதிவு எடுத்த அன்று வாராத மாணவனைப் பள்ளியிலேயே இல்லாதவன் என்று கொள்வது போன்ற பிழை இது. எனவே அதனைப் பயன்படுத்துவோர், தமக்கு வேண்டிய கருவிகளையெல்லாம் முன்னரே இணைத்து வைத்தல் வேண்டும்.

மேசைக் கணினியும் மடிக்கணினியும் இவ்வாறு வினவி அறிகின்றன. கைப்பேசியின் செய்தியோ வேறு. கைப்பேசிக்குரிய புற உறைகள் இன்று ஒசூரை அடுத்த ஆலையிலேயே செய்யப்பெறுகின்றன. அவ்வுறையினுள் அமையும் உறுப்புகளிற் பல, மேலே சொன்னவாறு பெயர் சொல்ல அறியாதவை. கைப்பேசிகளில் வழங்கும் ஆர்ம் வகைச் செயலிகளுக்காக, பலகை ஒவ்வொன்றன் அமைப்பையும் முன்னாளிற் கருவினுள்ளேயே எழுதிவந்தனர். பலகைகள் பெருகப் பெருகக் கருவும் வீங்கிற்று. 2011இல் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின், அமைப்பைக் கருவுக்கு வெளியே ஒரு தனிப் பட்டியலாக எழுதிக் கொடுக்கும் முறை ஆர்ம் பொறிகளிற் பரவிற்று. 'கருவி மரம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அதனை வழங்குவர். எவ்வுறுப்பு, எம்முகவரியில், எவ்வழைப்புக் கம்பியில் உள்ளது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். கரு அவ்வுறுப்புகளை வினவித் தேடுவதில்லை. எழுதியதைப் படித்து அவ்வாறே நம்புகின்றது.

ஜம்பரை இடம் மாற்றிய மனிதனின் வேலை இவ்வாறு பட்டியல் எழுதுபவனிடம் வந்து சேர்ந்துள்ளது. பலகையைச் சமைக்கும் பொறியாளர் ஓர் உறுப்பை வேறு முகவரிக்கு மாற்றினால், பட்டியலில் அதற்குரிய வரியையும் மாற்றுதல் வேண்டும். மறந்துவிடின், உறுப்பு புதிய இடத்திற் குறையின்றி இருக்கவும், கரு பழைய முகவரிக்கே சென்று அதனை அழைத்துக்கொண்டிருக்கும்.