படத்தை டபுள் கிளிக் செய்தால் எது திறக்க வேண்டும்?

கல்வெட்டுப் படங்களோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். படத்தை டபுள் கிளிக் செய்தால் அது பெயிண்டிலோ வேறு எடிட்டரிலோ போய்த் திறக்கும். படம் தெரியுதே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். பக்கத்திலேயே சேவ் பட்டன் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை.

ஜேபெக் என்பது இழப்போடு சுருக்கும் முறை. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். எடிட்டரில் ஓரத்தை வெட்டிச் சேமித்தால் மறுபடியும் ஒரு கழிவு. கல்யாண ஃபோட்டோவுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். எங்காவது ஒரு புள்ளி தெரிந்தால், அது உளியின் வேலையா, கல்லின் பொத்தலா என்பதே பெரிய வாதம். எழுத்தின் ஓரத்தில் ஜேபெக் தூவும் பிசிறும் அதில் சேர்ந்தால் கதை கந்தல்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயிலுடையதுதான். அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். அச்சிலிருக்கும் பாடத்தை வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க, சுவருக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது அந்தப் படம் மட்டும்தான். அதனால் டபுள் கிளிக்குக்குப் பார்க்க மட்டும் உதவும் ஒரு நிரல். திருத்த வேண்டுமென்றால் எடிட்டரை நாமே தனியாகத் திறப்பது. இதுதான் பாதுகாப்பான ஏற்பாடு.

விண்டோஸில் எப்படி?

கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்' போங்கள். வேண்டிய நிரலைத் தேர்ந்தெடுத்து, 'ஆல்வேஸ்' என்பதையும் அழுத்த வேண்டும். அதை விட்டால் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். விண்டோஸ் பார்ப்பது பெயரின் கடைசியிலுள்ள பின்னொட்டை. .ஜேபிஜி வேறு, .ஜேபிஇஜி வேறு; .பிஎன்ஜி, .டிஃப் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' பகுதியில் இவற்றை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

புதிதாக நிறுவிய நிரல் தானாகவே இந்த இடத்தைப் பிடிக்கவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 8 முதல், நம் தேர்வு ரெஜிஸ்ட்ரியில் ஒரு சரிபார்ப்புக் குறியோடு பதிவாகிறது. வேறு நிரல் அதைச் சத்தமில்லாமல் மாற்றக்கூடாது என்பதற்காக. மாற்ற வேண்டியது நாம்தான்.

லினக்ஸில்?

தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அதிலோ உபுண்டுவிலோ பழகியவர்களுக்கு வழி ஏறக்குறைய இதேதான்: ரைட் கிளிக், 'ஓப்பன் வித்'. ஆனால் இங்கே கணக்கு கோப்பின் வகையை வைத்து. .ஜேபிஜி, .ஜேபிஇஜி இரண்டும் ஒரே வகை என்பதால் ஒரு தடவை மாற்றினால் போதும். பின்னொட்டே இல்லாத கோப்பைக்கூட உள்ளே பார்த்துக் கண்டுபிடித்துவிடும். பிஎன்ஜி கோப்பென்றால் இரண்டாவது பைட்டிலிருந்து பி, என், ஜி என்ற எழுத்துகளே இருக்கும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஐஃபோனிலிருந்து வரும் .ஹெச்ஈஐசி படத்தின் பெயரை .ஜேபிஜி என்று மாற்றினால் படம் மாறாது, பெயர்தான் மாறும். சரியான நீட்சியை நிறுவுங்கள், அல்லது ஜேபெக்காக மாற்றிய பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தைத் தொடாதீர்கள்.

கடைசியாக, மூலப் படங்கள் உள்ள ஃபோல்டரை 'ரீட் ஒன்லி' ஆக்கி, வேறு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக இல்லாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். இல்லையென்றால் அதுவும் தன் பங்குக்குச் சுருக்கித்தான் அனுப்பும்.